பாட்டு எங்கே உடைந்தது?

(இசைக் கலைஞர்களும் ஒலிப்பதிவு மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்கழி முடிந்து தை பிறந்தால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரே மாதிரி போன்கள் வரும். "சார், கச்சேரி பிரமாதம். வீடியோவும் நல்லா வந்திருக்கு. யூடியூப்ல ஏத்தினதும் சவுண்டு கிழியுது. என்ன பண்ணலாம்?" கேட்பவர் மனத்தில் குற்றவாளி யார் என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன். மைக், மிக்சர், கேமரா, எடிட்டிங், எக்ஸ்போர்ட், தளம், கேட்பவரின் போன் என்று இத்தனை கை மாறித்தான் பாட்டு ஒரு காதுக்கு வந்து சேர்கிறது. எந்தக் கையில் உடைந்தது என்று தெரியாமல் ரிப்பேரில் இறங்கினால், இருக்கிற பழுதோடு இன்னொன்றும் சேரும். காதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு கையாகச் சோதித்துக்கொண்டே போவதுதான் வழி.

"சவுண்டு கெட்டுப்போச்சு" என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. நான்கு நோய்களை அந்த ஒரே வார்த்தையில் சொல்கிறோம். உரத்த இடங்களில் மட்டும் கரகரவென்று கிழிவது ஒன்று. ஜால்ராவும் கைதட்டலும் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் குழைவது இரண்டாவது. சுருதியே ஏறிவிடுவது, அல்லது வாய் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கமாகப் போவது மூன்றாவது. வயலினும் மிருதங்கமும் கேட்க, பாடகரின் குரல் மட்டும் எங்கோ ஒளிந்துகொள்வது நான்காவது. நான்கும் பிறக்கும் இடம் வேறு, மருந்தும் வேறு. எனவே புகார் வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி: எந்த நிமிடத்தில், எந்த வாத்தியம், எப்படிக் கெடுகிறது?

அடுத்து, கேட்பவரின் கையில் இருக்கும் கருவி. போனில் ஈக்வலைசரோ, ஒலியைப் பெருக்கிக் காட்டும் ஏதாவது வசதியோ ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். யூடியூபின் செட்டிங்ஸில் 'ஸ்டேபிள் வால்யூம்' என்று ஒன்று 2023 முதல் இருக்கிறது. உரத்ததைத் தாழ்த்தி, மெல்லியதை உயர்த்தும் வசதி அது. ஆலாபனைக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் இடையே இருக்கும் ஏற்ற இறக்கம் அதில் சுருங்கிப்போகும், அணைத்துவிட்டுக் கேளுங்கள். புளூடூத் ஹெட்போனில் பேசும் மைக்கும் வேலை செய்துகொண்டிருந்தால், பாட்டு டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். இவற்றையெல்லாம் ஒதுக்க ஐந்து நிமிடம் போதும்.

பிறகுதான் முக்கியமான சோதனை. தளத்தில் எந்தக் கோப்பை ஏற்றினீர்களோ, அதே கோப்பை அதே கம்ப்யூட்டரில், அதே ஹெட்போனில், அதே இடத்தில் ஓடவிடுங்கள். உடனே தளத்தில் அதே இடம். எடிட்டிங் மென்பொருளுக்குள் கேட்டது கணக்கில் வராது; ஏற்றிய கோப்பு எதுவோ அதுதான் சாட்சி. அதிலேயே கிழிசல் கேட்டால் தளத்தின் மேல் வழக்கு தள்ளுபடி. என் அனுபவத்தில் பெரும்பாலான வழக்குகள் இந்தப் படியிலேயே முடிந்துவிடுகின்றன.

கிழிசல் என்பது என்ன? டிஜிட்டல் ஒலி எண்களின் வரிசை. 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் ஒரு வினாடிக்கு 48,000 எண்கள். 16 பிட் கோப்பில் எந்த எண்ணும் மேலே 32,767ஐயும் கீழே மைனஸ் 32,768ஐயும் தாண்ட முடியாது. அந்தக் கூரையைத்தான் பூஜ்ய டெசிபல் என்கிறோம். மிருதங்கத்தில் ஒரு சாப்பு விழுகிறது. அலை 40,000 வரை எழவேண்டும். கோப்பில் விழுவது 32,767. அடுத்த எண் 42,000 ஆக இருந்தாலும் அதே 32,767. அலையின் தலை சீவப்பட்டுத் தட்டையாகிறது. இதைத்தான் 'கிளிப் ஆகிறது' என்கிறோம். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து 'ஷோ கிளிப்பிங்' என்பதை அழுத்தினால், கூரையில் முட்டிய இடங்களில் சிவப்புக் கோடு விழும்.

தலை சீவினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். குறைவதைவிட, கூடுவதுதான் ஆபத்து. இங்கே வித்வான்கள் இருப்பதால் அவர்களுடைய கணக்கிலேயே சொல்கிறேன். சட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சதுச்ருதி ரிஷபம் அதற்கு ஒன்பதுக்கு எட்டு, அதாவது 270. பாடகர் மத்தியமாவதியில் ரிஷபத்தில் நிற்கிறார். கூடவே சட்ஜம் ஒலிக்கிறது. இரண்டும் சேர்ந்த அலையின் மேல்தலையும் கீழ்த்தலையும் சீவப்பட்டால், பாடாத புதிய ஒலிகள் பிறக்கும். அவற்றில் முக்கியமான ஒன்று, 270ஐ இரண்டால் பெருக்கி 240ஐக் கழித்தால் வருவது: 300. 240க்கு 300 என்பது ஐந்துக்கு நான்கு. அந்தர காந்தாரம்! மத்தியமாவதியில் காந்தாரமே கிடையாது. தம்பூராவில் மேல் ஸ்தாயியில் தானாக எழும் காந்தாரம் வேறு. அது காதுக்கு இனிமை. இது பாடகரின் குரலுக்குப் பக்கத்திலேயே, அதே ஸ்தாயியில் வந்து உட்காரும். கமகம் அசையும்போது இந்தப் பொய் ஸ்வரமும் தன் கணக்கில் அசையும். ஏன் எரிச்சலாக இருக்கிறது என்று ரசிகருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வீடியோவை மூடிவிடுவார்.

இனி எங்கே சீவப்பட்டது என்று பார்க்கவேண்டும். திரையில் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். தட்டைத் தலை சரியாகக் கூரையிலேயே இருந்தால், குற்றம் கடைசிக் கட்டத்தில்: மிக்சிங்கிலோ எக்ஸ்போர்ட்டிலோ அளவை ஏற்றியிருக்கிறார்கள். மூலப் பதிவிலிருந்து மறுபடி எடுத்தால் சரியாகிவிடும். ஆனால் சில நேரம் தட்டைத் தலை கூரைக்கு வெகு கீழே, பாதி உயரத்தில் இருக்கும். மீட்டர் பச்சையிலேயே நிற்கும், சிவப்புக் கோடும் விழாது. காதுக்கு மட்டும் கிழியும். அப்படியானால் முன்னாலேயே எங்கோ சீவிவிட்டு, பிறகு ஃபேடரை இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள். சீவிய பிறகு எவ்வளவு இறக்கினாலும் தலை வளராது.

சபாக்களில் இந்தச் சீவல் அடிக்கடி நடக்கும் விதம் இதுதான். மிக்சர்காரரிடம் ஒரு லைன் அவுட் வாங்குகிறோம். தொழில்முறை மிக்சரின் லைன் அளவு ஏறத்தாழ 1.23 வோல்ட். அதைக் கேமராவின் மைக் துளையில் செருகுகிறோம். அது சில மில்லிவோல்ட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் துளை. நூற்றுக்கணக்கான மடங்கு அதிகமான சமிக்ஞை வந்து விழுகிறது. கேமராவில் அளவைக் குறைத்து மீட்டரைச் சமாதானப்படுத்துகிறோம். ஆனால் அந்த அளவுக் குமிழுக்கு முன்னால் இருக்கும் பெருக்கியிலேயே தலை போய்விட்டது. கேமராவில் 'லைன்' என்று மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் நடுவில் அளவைத் தணிக்கும் ஒரு 'பேட்' போடுங்கள்.

நாகஸ்வரக் கச்சேரிக்கு இன்னொரு எச்சரிக்கை. போனுக்குள் இருக்கும் சிறு மைக்குகள் பொதுவாக 120 டெசிபல் சுற்றுவட்டாரத்திலேயே திணறத் தொடங்கும். தவிலுக்குக் கை எட்டும் தூரத்தில் போனை வைத்தால் மைக்கே உடைந்த ஒலியைத்தான் கொடுக்கும். இப்போது '32 பிட் ஃப்ளோட்' ரெக்கார்டர்கள் வந்துவிட்டன, அளவே வைக்கவேண்டாம் என்கிறார்கள். கோப்பின் கூரை உயர்ந்தது உண்மை. மைக்கின் கூரை உயரவில்லை. இந்தப் பாடம் ஒலிப்பதிவு பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1925இல் மின்சார ஒலிப்பதிவு வரும்வரை பாடகர்கள் தகரக் கொம்புக்கு முன்னால் நின்றுதான் பாடினார்கள். உச்சத்துக்குப் போகும்போது அவர்களே பின்னால் நகர்ந்துகொள்வார்கள். நாம் பாடகரை நகரச் சொல்லவேண்டாம், மைக்கைத் தள்ளி வைத்தால் போதும்.

அடுத்தது, தெரிந்தே செய்யும் சேதம். "மத்த பாட்டைவிட நம்ம பாட்டு சத்தமா இருக்கணும்" என்று லிமிட்டரைப் போட்டு நசுக்குவது. உலகெங்கும் நடந்த சண்டை இது. 2008இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' வெளிவந்தபோது, அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ கேமில் நசுங்காமல் தெளிவாகக் கேட்கின்றன என்று ரசிகர்களே அலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் மறுபடி மிக்ஸ் செய்யக் கோரிக் கையெழுத்திட்டார்கள்.

இன்று அந்தச் சண்டைக்கே அர்த்தமில்லை. ஒரு பாட்டு மொத்தத்தில் எவ்வளவு உரத்துக் கேட்கிறது என்பதை அளக்க எல்.யூ.எஃப்.எஸ். என்ற அலகு இருக்கிறது. யூடியூப் ஏறத்தாழ மைனஸ் 14 என்ற அளவை எல்லைக்கோடாக வைத்து, அதைவிட உரத்த பாட்டை இறக்கிவிடுகிறது. நீங்களே பார்க்கலாம். கம்ப்யூட்டரில் வீடியோவின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறங்கள். வால்யூம் என்ற வரியில் '100% / 50%' என்றும், அருகே 'கன்டென்ட் லவுட்னெஸ் 6.0 டிபி' என்றும் இருந்தால் பொருள் இதுதான்: உங்கள் பாட்டு எல்லைக்கோட்டைவிட 6 டெசிபல் அதிகம், ஆகவே அதன் அலையைப் பாதியாக இறக்கி ஒலிக்கிறார்கள். நசுக்கிச் சம்பாதித்த சத்தம் முழுவதும் பறிபோயிற்று. நசுக்கல் மட்டும் உங்களுக்கு மிச்சம். அந்த எண் மைனஸில் இருந்தாலோ, பாட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள், ஏற்றுவதில்லை. கச்சேரிப் பதிவு மைனஸ் 16, 17 என்று இருந்தால் பதறவேண்டாம். ரசிகர் தன் கையால் ஒரு கோடு ஏற்றிக்கொள்வார். மிருதங்கம் மிருதங்கமாகவே இருக்கும்.

சரி, ஏற்றிய கோப்பு சுத்தமாக இருக்கிறது, தளத்தில் மட்டும் கிழிகிறது என்று ஒருவர் நிரூபித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது தளத்துக்கு அழைப்பாணை அனுப்பலாம். சிடி தரத்தில் ஒரு வினாடிக்கு 1,411 கிலோபிட் தேவை. யூடியூபிலிருந்து ரசிகருக்குப் போவது ஏ.ஏ.சி. அல்லது ஓபஸ் வடிவில் சுமார் 128 கிலோபிட். கிட்டத்தட்ட பதினொன்றில் ஒரு பங்கு. அந்தச் சுருக்கத்தில் அலையின் வடிவம் சற்றே மாறுகிறது. சில உச்சிகள் மூலத்தைவிட மேலே எழுந்துவிடுகின்றன. உங்கள் கோப்பு கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தால் எழுந்த உச்சிக்கு இடமில்லை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கோப்பில் இருப்பவை எண்கள் மட்டுமே. உண்மையான அலை அந்த எண்களுக்கு நடுவிலும் ஓடுகிறது. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 12 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்று இருந்தால், ஒரு சுற்றுக்கு நான்கே எண்கள். அந்த நான்கும் அலையின் உச்சியில் விழாமல் இரு தோள்களில் விழுந்தால், தோள் கூரையைத் தொடும்போது தலை 3 டெசிபல் மேலே இருக்கும். சாதாரண மீட்டருக்கு இது தெரியாது. 'ட்ரூ பீக்' என்று காட்டும் மீட்டரைப் பயன்படுத்தி, உச்சியை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். உரத்த பாட்டென்றால் மைனஸ் 2. அந்த ஒரு டெசிபலை எந்த ரசிகரும் கவனிக்கமாட்டார். கிழிசலை எல்லோரும் கவனிப்பார்கள்.

தண்ணீர்க் குழைவுக்கு வருவோம். இது சுருக்கத்தின் மேல் சுருக்கம் போடுவதால் வருவது. பாட்டுக் கோப்பு வாட்ஸ்அப்பில் சுருங்கி வருகிறது. எடிட்டர் அதை வீடியோவில் சேர்த்து மறுபடி சுருக்குகிறார். தளம் மூன்றாம் முறை. மூன்றாம் டிகாக்‌ஷனில் காபி போட்டுவிட்டு, பால்காரரைத் திட்டி என்ன பயன்? அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969இல், தன் பேச்சைப் பதிந்து, அதை அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிந்து, அதையும் மறுபடி பதிந்து, பேச்சே கரைந்துபோகும்வரை செய்து காட்டினார். அதைப் பின்பற்றி 2010இல் ஒருவர் ஒரே வீடியோவை யூடியூபில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி ஆயிரம் தடவை செய்தார். கடைசியில் மிஞ்சியது வெறும் சலசலப்பு. நம் வீடியோக்கள் அந்தப் பாதையில் இரண்டு மூன்று அடி வைத்தவைதான்.

எனவே ஸ்டூடியோவிலிருந்து வேவ் கோப்பாகவே வாங்குங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்பவேண்டும் என்றால் 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒலிக்கு ஏ.ஏ.சி., 48 கிலோஹெர்ட்ஸ், 384 கிலோபிட். ஸ்டீரியோவுக்கு யூடியூப் கேட்பது அதுதான். குழைவு எல்லாமே சுருக்கத்தால் வருவதும் அல்ல. மின்விசிறி இரைச்சலைப் போக்க எடிட்டர் 'டீநாய்ஸ்' போட்டிருந்தாலும் அதே சலசலப்பு வரும். மேலும், மாறாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எண்ணுவது அந்த மென்பொருளின் இயல்பு. நம் தம்பூரா மாறாமல் ஒலிப்பது! வீடியோ அழைப்பில் பாட்டு வகுப்பு நடத்தியவர்களுக்கு இது தெரியும்; தொடங்கிய சில நொடியில் சுருதிப் பெட்டியை விழுங்கிவிடும்.

மூன்றாவது, சுருதி ஏறுவது. சிடி உலகம் 44,100இல் இயங்குகிறது, வீடியோ உலகம் 48,000இல். 44,100இல் பதிந்த பாட்டை ஏதோ ஓர் இடத்தில் 48,000 என்று தவறாக எடுத்துக்கொண்டால், பாட்டு 8.8 சதவீதம் வேகமாகும். சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைஸ்வரம் ஏறும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரையைத் தாண்டி ஆறு கட்டையை எட்டிப்பிடிப்பார். சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டுப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். சரியான எண்ணைச் சொல்லிக் கோப்பை மறுபடி சேர்த்தால் தீர்ந்தது. வாயும் பாட்டும் மெதுவாக விலகுவது வேறு. கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டால்கூட, இரண்டரை மணி நேரக் கச்சேரி முடிவில் 0.18 வினாடி விலகியிருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக ஒத்திசைத்துக்கொள்வது எளிது.

நான்காவதாக, ஒளிந்துகொள்ளும் குரல். மிக்சரிலிருந்து வரும் எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் வருகிறது: ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. நடுவில் நுழையும் இரைச்சலை நீக்குவதற்கான ஏற்பாடு. அதைக் கேமராவின் சிறிய ஸ்டீரியோ துளைக்குத் தவறான கனெக்டரால் இணைத்தால், நேரானது இடது பக்கமும் தலைகீழானது வலது பக்கமும் போய்ச் சேரும். ஹெட்போனில் குரல் தலைக்கு வெளியே எங்கோ பரவிக் கேட்கும். "ஸ்டீரியோ நல்லா விரிஞ்சிருக்கே" என்று மகிழ்ந்து ஏற்றிவிடுவோம். ரசிகர் ஒற்றை ஸ்பீக்கர் போனில் கேட்பார். அங்கே இடமும் வலமும் கூடும். கூட்டல் ஒன்றும் மைனஸ் ஒன்றும் பூஜ்யம். மிக்சர் வழி வந்த பாட்டு மறைந்து, கேமரா மைக்கில் விழுந்த சபா எதிரொலி மட்டும் மிஞ்சும். மருந்து மிக எளிது: ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு, மறுபக்கத்தை இரண்டு பக்கமும் போடுங்கள். ஏற்றும் முன் ஒரு தடவை மோனோவில் கேட்டிருந்தால் நோயே வெளியே போயிருக்காது.

குரல் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் இருந்தால், மிக்சர் ஒலியும் கேமரா மைக்கும் ஒன்றாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 12 மீட்டர் பின்னால் கேமரா இருந்தால் அதன் மைக் 35 மில்லிவினாடி தாமதமாகக் கேட்கிறது. வினாடிக்கு 25 படம் என்றால் ஒரு படத்துக்கு 40 மில்லிவினாடி. ஆக, ஒரு படம் நகர்த்திச் சரிசெய்யப் பார்த்தால் மறுபக்கம் தப்பும். ஒலி டிராக்கில் அலை பார்த்து நகர்த்துங்கள், அல்லது கேமரா ஒலியைக் கைதட்டலுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

இத்தனை படிகளையும் ஏன் ஏற்றும் முன்பே செய்யச் சொல்கிறேன்? யூடியூபில் ஒருமுறை ஏற்றிய வீடியோவில், ஒலியை மட்டும் எடுத்துவிட்டு உங்களிடம் இருக்கும் திருத்திய ஒலியைப் போட முடியாது. புதிதாகத்தான் ஏற்றவேண்டும். பார்த்தவர் கணக்கும், ரசிகர்கள் எழுதிய வார்த்தைகளும், நாலு பேருக்கு அனுப்பிய இணைப்பும் பழையதோடு போய்விடும். எனவே முதலில் 'அன்லிஸ்டட்' ஆக ஏற்றி, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை, ஹெட்போனில் ஒருமுறை, கச்சேரியின் உரத்த இடத்தையும் மெல்லிய இடத்தையும் கேட்டுவிட்டுப் பிறகு திறந்துவிடுங்கள். சீவப்பட்ட தலையை ஊகித்து வளர்க்கும் 'டீகிளிப்' மென்பொருள்கள் இருக்கின்றன. எங்கோ ஒரு சொல் கிழிந்திருந்தால் ஒட்டுப்போடும். தனி ஆவர்த்தனம் முழுக்கக் கிழிந்திருந்தால் அதனால் ஆகாது; சபாவில் வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று விசாரிப்பதே மேல்.

தளம் எதை எதையெல்லாமோ செய்கிறது. நான் அதற்கு வக்கீல் அல்ல. ஆனால் அது செய்வது எல்லாப் பாட்டுக்கும் ஒன்றேதான், அதன் சுருக்கத்தையோ எல்லைக்கோட்டையோ நம்மால் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது அதற்கு முந்திய பாதை. பல கச்சேரிகளுக்கு இன்று அந்த வீடியோ ஒன்றே சாட்சி. அதனால் மூலப் பதிவை அழிக்காதீர்கள்; பத்து வருடம் கழித்து நல்ல சுருக்க முறை வந்தாலும், மறுபடி எடுக்க மூலம் இருந்தால்தான் எடுக்க முடியும்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாக அவைத் தலைவர் சொன்னார். கெட்டுப்போன கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள். இங்கேயே ஓடவிட்டு, எந்தக் கையில் உடைந்தது என்று எல்லோருமாகக் கண்டுபிடிப்போம்.